மூச்சு வாங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஊதிப் பாத்துடுங்க: பீடி, சிகரெட் குடிக்கிறவங்களுக்காக

நான் திருநெல்வேலி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில நெஞ்சு நோய் பிரிவுல டெக்னீஷியன். நுரையீரல் காத்தை எப்படி வெளிய தள்ளுதுன்னு அளக்குற ஊதுற டெஸ்ட் எடுக்குறதுதான் என் வேலை. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஒவ்வொருத்தரா எதிர்ல உக்கார வச்சு மூக்குல கிளிப்பை மாட்டி வாயில அட்டைக்குழாயைக் கொடுத்து "நல்லா இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப ஊதுங்க ஊதுங்க ஊதுங்க விடாதீங்க விடாதீங்க"ன்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்திட்டே இருப்பேன். இதை எழுதணும்னு தோணினதுக்குக் காரணம் போன மார்கழியில வந்த ஒரு அக்காவும் அவங்க வீட்டுக்காரரும்.

டெஸ்ட் எழுதியிருந்தது அக்காவுக்குத்தான், அவங்களுக்கு சின்ன வயசுல இருந்தே வீசிங். அவர் துணைக்கு வந்தவர், லோடு ஆட்டோ ஓட்டுறார், 48 வயசு. நல்ல திடகாத்திரமான ஆளு. அக்கா ஊதி முடிச்சதும் அவர்கிட்ட பேச்சுவாக்குல கேட்டேன், அண்ணாச்சி பீடி உண்டான்னு. "17 வயசுல இருந்து உண்டும்மா, ஒரு கட்டு ஓடும், ஆனா எனக்கு ஒண்ணும் கிடையாது, இப்பவும் மூட்டை தூக்குறேன்"ன்னார். காலையில எந்திரிச்சதும் இருமல் வருமா, சளி வருமான்னேன். "அது பீடி குடிக்கிற எல்லாருக்கும் வர்றதுதானே"ன்னு சிரிச்சார். டாக்டர்கிட்ட சொல்லி அவருக்கும் ஒரு சீட்டு போட்டு வாங்கி உக்கார வச்சேன். அக்காவோட ரிப்போர்ட் மருந்து எடுக்குறதால நல்லாவே இருந்துச்சு. ஒண்ணுமே இல்லைன்னு சொன்ன அண்ணாச்சியோட ரிப்போர்ட்டுலதான் மூச்சுக்குழாய் அடைப்பு இருந்துச்சு.

அந்த அடைப்புக்குப் பேரு சி.ஓ.பி.டி. தமிழ்ல நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்னு எழுதுவாங்க. நம்ம ஊர்ல யாரும் அந்தப் பேரைச் சொல்றதில்ல, "எளைப்பு", "நெஞ்சுச்சளி", "பீடி இருமல்" இப்படித்தான் சொல்லுவாங்க. 2019ல உலக அளவுல உயிரை எடுக்குற நோய்கள்ல மூணாவது இடத்துல இருந்துச்சு இது, அந்த ஒரு வருஷத்துல மட்டும் 32 லட்சம் பேர். இந்தியாவுல 2016 கணக்குப்படி ஏறக்குறைய 5.5 கோடி பேருக்கு இருக்கு. சக்கரை, பி.பி. பத்தி டீக்கடையில உக்காந்து பேசுற நாம இதைப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

சரி, உள்ள என்னதான் நடக்குது? தொண்டையில இருந்து இறங்குற மூச்சுக்குழாய் மரத்தோட கிளை மாதிரி ரெண்டா, நாலா, எட்டான்னு பிரிஞ்சுட்டே போய் கடைசியில 2 மில்லிமீட்டருக்கும் மெலிசான குழாய்கள் ஆயிரக்கணக்குல ஆகும், அதோட நுனியில கோடிக்கணக்கான குட்டிக் குட்டி காத்துப்பைகள் இருக்கும், ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏறுறது அந்தப் பைகள்லதான். வருஷக்கணக்கா புகை போகப் போக அந்த மெலிசான குழாய்ங்க உள்பக்கமா வீங்கி, தழும்பாகி, சளி அடைச்சு சுருங்குது, சிலது அப்படியே இல்லாமலே போயிடுது. இன்னொரு பக்கம் காத்துப்பைகளோட சுவர் கிழிஞ்சு பல சின்னப் பைகள் சேர்ந்து ஒரு தொளதொளப் பையா ஆயிடுது. நாளான ரப்பர் பேண்டை இழுத்து விட்டா திரும்பிச் சுருங்காதுல்ல, அதே மாதிரி நுரையீரலும் தானா சுருங்கி காத்தை வெளிய தள்ளுற சக்தியை இழந்துடுது. அதனாலதான் இந்த நோய்ல மூச்சை இழுக்குறதை விட விடுறதுதான் பெரும்பாடு, உள்ள போன காத்து முழுசா வெளிய வராம தங்கிடும், அடுத்த மூச்சுக்கு உள்ள இடம் இருக்காது.

இதுல கெட்டது என்னன்னா இவ்வளவும் நடக்கும்போது ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு ஊர்ல ஆயிரம் சந்து இருக்குன்னு வைங்க, நூறு சந்தை அடைச்சாலும் வண்டி வேற சந்து வழியா போயிடும், இருநூறை அடைச்சாலும் போயிடும், எங்க பாத்தாலும் நெரிசல்னு ஊரே கத்தும்போது போய்ப் பாத்தா முக்கால்வாசி சந்து அடைபட்டிருக்கும். இந்த மெலிசான குழாய்ங்க இருக்குற பகுதியை 1970லயே ஆராய்ச்சிக்காரங்க "சத்தமில்லாத பகுதி"ன்னு சொல்லி வச்சிருக்காங்க, நோய் அங்கதான் ஆரம்பிக்குது ஆனா அங்க நடக்குறது வெளிய கேக்காது.

அதோட மனுஷனும் தன்னை அறியாமலே மாத்திக்குவான். மாடிப்படி ஏறுறதை விட்டுருவாரு, பஸ்சுக்கு ஓடுறதை விட்டுருவாரு, கூட நடக்குறவங்களை "நீங்க முன்னாடி போங்க"ன்னு சொல்லி போனைப் பாக்குற மாதிரி நிப்பாரு, கேட்டா வயசாகுதுல்லன்னுவாரு. 45 வயசெல்லாம் ஒரு வயசா? மூச்சு வாங்குறதே இல்லைன்னு சொல்றவங்கள்ல பாதி பேரு மூச்சு வாங்குற வேலையை எப்பவோ விட்டவங்க. அதனால நான் இப்பல்லாம் மூச்சு வாங்குதான்னு கேக்குறதில்ல, "உங்க வயசுக்காரங்க கூட சமமா நடக்க முடியுதா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச எந்த வேலையை இப்ப செய்றதில்ல"ன்னு கேப்பேன். பதில் சொல்றதுக்கு முன்னாடியே கூட வந்த வீட்டம்மா சொல்லிடுவாங்க.

எக்ஸ்ரே எடுத்துட்டேன், கிளியர்னு சொல்லிட்டாங்கன்னு நிறைய பேர் நிம்மதியா இருக்காங்க. ஆரம்பக் கட்டத்துல எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும். டி.பி., நிமோனியா, கட்டி இதுங்களைத் தேட எக்ஸ்ரே வேணும், ஆனா குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குங்கிறதை அது காட்டாது. ஈ.சி.ஜி.யும் அப்படித்தான். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர்ல 98 காட்டுதுன்னு சந்தோஷப்படுறவங்களும் உண்டு, கொரோனாவுக்கு அப்புறம் அது வீட்டுக்கு வீடு வந்துடுச்சு, அந்த எண் இறங்குறது ரொம்பப் பின்னாடி நடக்குற சமாச்சாரம்.

காட்டுறது ஸ்பைரோமெட்ரிதான், நாங்க பி.எஃப்.டி.ன்னு சொல்றது, மக்கள் ஊதுற டெஸ்ட்னு சொல்றது. இது ஒண்ணும் நேத்து வந்த மிஷின் இல்ல. லண்டன்ல ஜான் ஹட்சின்சன்னு ஒரு டாக்டர் 1846லயே தண்ணியில கவுத்த ஒரு பாத்திரத்துக்குள்ள ஊத வச்சு 2000 பேருக்கு மேல அளந்து எழுதி வச்சிட்டார். நாம பாக்குற பி.பி. கருவி வந்ததே 1896ல. அம்பது வருஷம் பின்னாடி வந்த பி.பி. கருவி இன்னைக்கு ஊரூரா இருக்கு, மூச்சு அளக்குற மிஷினுக்கு மட்டும் டவுனுக்கு வர வேண்டியிருக்கு.

டெஸ்ட் எப்படின்னு சொல்றேன், பயப்பட ஒண்ணுமே இல்ல, ஊசி கிடையாது. நிமிர்ந்து உக்காரணும். மூக்குல கிளிப். உதடு இடைவெளி இல்லாம குழாயை மூடியிருக்கணும், பல்செட் லூசா ஆடுனா மட்டும் கழட்டிக்கலாம். நெஞ்சு நிறைய காத்தை இழுத்து, ஒரு நொடி கூட நிறுத்தாம பட்டுனு வெடிச்ச மாதிரி ஊதி, இனிமே ஒண்ணும் இல்லைன்னு தோணினதுக்கு அப்புறமும் ஊதிட்டே இருக்கணும். அந்தக் கடைசி பாகத்துலதான் எல்லாரும் விட்டுருவாங்க, அதுக்குத்தான் நான் கத்துறது. நல்லா அமைஞ்ச ஊதல் குறைஞ்சது மூணு வேணும், அதுல ரெண்டு ஒண்ணுக்கொண்ணு 150 மில்லிக்குள்ள ஒத்துப் போகணும். அதனால "திரும்ப ஊதுங்க"ன்னு சொன்னா நீங்க ஏதோ தப்பு பண்ணிட்டீங்கன்னு நினைக்காதீங்க, கோவமும் படாதீங்க. அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கிற சல்பியூட்டமால் மருந்தை இழுக்க வச்சு கால் மணி நேரம் உக்கார வச்சு மறுபடி ஊத வைப்போம், ஆஸ்துமாவா இருந்தா பெரும்பாலும் நல்லா ஏறும், சி.ஓ.பி.டி.ன்னா பெருசா ஏறாது, ஏறினாலும் முழுசா நார்மலுக்கு வராது.

ரிப்போர்ட்டுல இருக்குற ரெண்டு எண்ணை மட்டும் புரிஞ்சுக்கிட்டா போதும். ஒண்ணு எஃப்.வி.சி., அதாவது மொத்தமா ஊதித் தள்ளின காத்து. இன்னொண்ணு எஃப்.இ.வி. ஒன், முதல் ஒரு நொடியில மட்டும் எவ்வளவு வந்துச்சுங்கிறது. குழாய் நல்லா இருந்தா மொத்தத்துல முக்கால்வாசி கிட்ட முதல் நொடியிலயே வந்துடும். சொம்புத் தண்ணியைக் கவுத்தா சடார்னு கொட்டுது, குறுகின வாய் பாட்டிலைக் கவுத்தா மொடக் மொடக்குனுதான் வருது, தண்ணி அதே அளவுதான். மருந்து இழுத்த பிறகும் முதல் நொடியில வந்தது மொத்தத்துல 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அடைப்பு இருக்குன்னு உலகம் முழுக்க டாக்டர்ங்க எடுத்துக்குறாங்க. நம்ம அண்ணாச்சி மொத்தமா ஊதினது 3.92 லிட்டர், முதல் நொடியில வந்தது 2.58. வகுத்துப் பாருங்க, 66 கூட வரல.

அடுத்தது, அடைப்பு எவ்வளவு மோசம்ங்கிறது. வயசு, உயரம், ஆணா பெண்ணா இதை வச்சு உங்களுக்கு முதல் நொடியில எவ்வளவு வந்திருக்கணும்னு மிஷினே கணக்குப் போடும். அதுல 80 சதவீதமும் அதுக்கு மேலயும் வந்தா முதல் கட்டம், 50ல இருந்து 79 ரெண்டாவது, 30ல இருந்து 49 மூணாவது, 30க்குக் கீழ நாலாவது. அண்ணாச்சிக்கு வந்தது 83, முதல் கட்டம்தான். எனக்கு அந்தப் பேப்பரைப் பாத்ததும் வந்தது சந்தோஷம்தாங்க, ஏன்னா எங்ககிட்ட தானா நடந்து வர்றவங்க பெரும்பாலும் ரெண்டைத் தாண்டி மூணுல நிப்பாங்க, சில பேரு வீல்சேர்ல வருவாங்க, குழாயை வாயில வச்சு ஒரு தடவை ஊதிட்டு பேச முடியாம கண்ணுல தண்ணியோட என் கையைப் புடிச்சுக்குவாங்க. அவங்களும் ஒரு காலத்துல 83ல இருந்தவங்கதானே, அன்னைக்கு யாரும் ஊதச் சொல்லல, அவ்வளவுதான்.

வயசு ஏற ஏற இந்த முதல் நொடி அளவு எல்லாருக்குமே கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், புகைக்காதவங்களுக்கும் இறங்கும். வித்தியாசம் வேகத்துல இருக்கு. 1977ல பிளெட்சர், பீட்டோன்னு ரெண்டு பேர் லண்டன் தொழிலாளிகளை வருஷக்கணக்கா அளந்து வச்ச கணக்கை வச்சு ஒரு கோடு வரைஞ்சாங்க, புகையை விட்டா இழந்தது திரும்ப வராது, ஆனா இறங்குற வேகம் புகைக்காதவங்க வேகத்துக்குக் கிட்ட வந்துடும்னு. அதை அப்புறம் அமெரிக்காவுலயும் கனடாவுலயும் ஆரம்பக் கட்ட அடைப்பு இருந்த 5887 பேரை வச்சுப் பாத்தாங்க. 11 வருஷம் கழிச்சு, ஆரம்பத்துலயே விட்ட ஆம்பளைங்களுக்கு வருஷத்துக்கு 30 மில்லி குறைஞ்சிருந்துச்சு, விடாம புகைச்சவங்களுக்கு 66 மில்லி. பொம்பளைங்களுக்கும் இதே கதைதான், 22 கிட்டயும் 54ம். 36 மில்லி வித்தியாசம்தானேன்னு தோணும், ரெண்டு மடக்கு தண்ணி. 20 வருஷத்தால பெருக்குங்க, 720 மில்லி. 2.58 லிட்டர் வச்சிருக்குற ஒருத்தருக்கு அதுதான் 68 வயசுல சந்தைக்கு நடந்து போறதுக்கும் கட்டில்ல இருந்து பாத்ரூம் போக யோசிக்கிறதுக்கும் நடுவுல இருக்குற தூரம். சீக்கிரம் கண்டுபிடிக்கணும்னு நான் அடிச்சுக்குறதுக்கு முழுக் காரணமும் இந்த ஒரு கணக்குதான்.

எல்லாரும் போய் ஊதணுமான்னா இல்ல. எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களை எல்லாம் கூப்பிட்டு ஸ்கிரீனிங் பண்றதால பெரிய பலன் இல்லைன்னு அமெரிக்காவோட தடுப்பு மருத்துவக் குழு 2022லயும் சொல்லியிருக்கு, அது நியாயமான பேச்சுதான். ஆனா நாம "தொந்தரவு இல்ல"ன்னு சொல்றது நிஜமாவே இல்லாததாலயா, பழகிப் போனதாலயாங்கிறதுதான் கேள்வி. 35 வயசைத் தாண்டி, பீடியோ சிகரெட்டோ சுருட்டோ குடிக்கிறவர் (முன்னாடி குடிச்சு விட்டவரும் சேத்திதான்), காலை இருமல், அடிக்கடி சளி, ஏறும்போது மூச்சு வாங்குறது, விசில் சத்தம், மழைக்காலம் பனிக்காலம் வந்தா நெஞ்சுச்சளி புடிச்சு வாரக்கணக்கா விடாதது, இதுல ஒண்ணு இருந்தாலும் ஒரு தடவை ஊதிப் பாத்துடுங்க. கனடாவுல இப்படித்தான் 38 ஆயிரம் பேருக்கு மேல போன்ல விசாரிச்சு, தொந்தரவு இருந்தும் என்ன நோய்னே தெரியாம இருந்தவங்களைத் தேடிப் புடிச்சு ஊத வச்சாங்க. அதுல சி.ஓ.பி.டி.யோ ஆஸ்துமாவோ இருந்தவங்கள்ல ஸ்பெஷலிஸ்ட் கவனிச்ச பாதிப்பேருக்கு மூச்சுத் தொந்தரவுன்னு ஆஸ்பத்திரி, டாக்டர்னு போக வேண்டி வந்தது மத்த பாதியை விட பாதிக்கும் கீழ குறைஞ்சுதுன்னு 2024ல வெளிவந்துச்சு. தேடிப் போய்க் கண்டுபிடிச்சா பலன் உண்டுங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்.

ஒரு விஷயம், இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினா முதல்ல சளி டெஸ்ட், நம்ம ஊர்ல டி.பி. இருக்கா இல்லையான்னு பாக்காம ஊத வைக்கக் கூடாது. சளியில ரத்தம் வந்தா ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க.

பீடி பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எங்க பக்கம் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில வச்சு பீடி சுத்துற ஊரு. 2016-17ல எடுத்த புகையிலை சர்வேயில இந்தியாவுல பெரியவங்கள்ல சிகரெட் குடிக்கிறவங்க 4 சதவீதம், பீடி குடிக்கிறவங்க 7.7 சதவீதம். பீடி சின்னது, இலையில சுத்துனது, கெமிக்கல் இல்ல, அதனால சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லைன்னு படிச்சவங்களே சொல்றாங்க. அந்த இலை காத்தை உள்ள விடாது, இழுக்காம விட்டா அணைஞ்சுடும், அதனாலயே அடிக்கடி ஆழமா இழுக்க வேண்டியிருக்கு, புகை அடி நுரையீரல் வரைக்கும் இறங்குது. டாக்டர் கேட்டா "கொஞ்சமாத்தான்"னு சொல்லாம எண்ணிச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனைங்கிறதை எத்தனை வருஷம்ங்கிறதால பெருக்குவாங்க. அண்ணாச்சிக்கு 20ஐ 31ஆல பெருக்கினேன், 620. அவரு வாய்விட்டு "அம்மாடி"ன்னார்.

ரிப்போர்ட் நார்மல்னு வந்தா? அங்கதான் எனக்குப் பயம். நார்மல்னதும் வாசல்லயே பத்த வைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். ஊதுற டெஸ்ட்டுக்கும் கண்ணு எட்டாத இடம் உண்டு, ஆரம்பத்துல அந்தச் சத்தமில்லாத பகுதியில நடக்குறது எல்லாம் இந்த எண்ல வராது. 2016ல வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல, புகைக்கிறவங்க, புகைச்சு விட்டவங்கள்ல டெஸ்ட் நார்மலா இருந்தவங்கள்லயே பாதிப்பேருக்கு இருமல், சளி, மூச்சு வாங்குறதுன்னு தொந்தரவு இருந்திருக்கு. 40 வயசுக்காரருக்கு அந்த முதல் நொடி விகிதம் 72 வந்தா 70க்கு மேலதானேன்னு விட முடியாது, அவர் வயசுக்கு அது கம்மி. அதே 70ங்கிற கோடு 75 வயசுக்காரரை நோயே இல்லாம நோயாளியாக்கிடவும் செய்யும். அதனால பேப்பரை நீங்களே பாத்து முடிவு பண்ணாதீங்க, டாக்டர் பாக்கட்டும்.

எண்ணை எப்படிச் சொல்றோம்ங்கிறதுலயும் விஷயம் இருக்கு. இங்கிலாந்துல 561 பேரை ரெண்டாப் பிரிச்சு எல்லாருக்கும் ஊதுற டெஸ்ட் எடுத்து, ஒரு பாதிக்கு லிட்டர் கணக்கை மட்டும் கொடுத்தாங்க, இன்னொரு பாதிக்கு "உங்க நுரையீரலுக்கு இத்தனை வயசு"ன்னு சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு முதல் குரூப்ல 6.4 சதவீதம் பேர் விட்டிருந்தாங்க, வயசு சொன்ன குரூப்ல 13.6. இதைப் படிச்சதுல இருந்து நானும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வயசாவே சொல்றேன்.

கண்டுபிடிச்ச பிறகு முதல் வைத்தியம் புகையை விடுறதுதான். சும்மா மனசை வச்சு விடுறது கஷ்டம், நிக்கோட்டின் பழக்கம் அப்படி, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கு, மாத்திரை இருக்கு, 1800-11-2356ன்னு பாக்கெட்டுலயே அச்சடிச்சிருக்குற இலவச நம்பர் இருக்கு. ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. தேவைப்பட்டா இன்ஹேலர் கொடுப்பாங்க, அது பழகிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றதைக் கேட்டு நிறுத்தாதீங்க, நிறுத்த முடியாம பழகினது பீடிதான்.

டெஸ்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல நெஞ்சக நோய் பிரிவுல பெரும்பாலும் இருக்கும், சென்னைக்காரங்களுக்கு தாம்பரம் சானடோரியம், மதுரைக்காரங்களுக்கு தோப்பூர். "பீடி குடிப்பேன், இத்தனை வருஷமா, இருமல் இருக்கு, ஊதுற டெஸ்ட் எழுதித் தாங்க"ன்னு வாயைத் திறந்து கேளுங்க. வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி புகைக்காதீங்க, வயிறு முட்ட சாப்பிடாதீங்க, இறுக்கமா பெல்ட் போடாதீங்க. சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்திருந்தா, கண்ணு ஆபரேஷன் பண்ணியிருந்தா முதல்லயே சொல்லிடுங்க. பேப்பரைத் தூக்கிப் போடாம லேமினேட் பண்ணாமலே ஒரு கவர்ல வச்சுக்குங்க, அந்த அச்சு சூட்டுல கறுத்துடும், போன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்குங்க. ஒரு வருஷ வித்தியாசத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது, அன்னைக்கு ஊதின விதத்துலயே அம்பது நூறு மில்லி மாறும், மூணு நாலு வருஷப் பேப்பரை வரிசையா வச்சாத்தான் கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்.

அண்ணாச்சி பங்குனியில அக்காவுக்கு மருந்து வாங்க வந்தப்ப என் ரூமை எட்டிப் பாத்தார். ஒரு கட்டுல இருந்து நாலு பீடிக்கு வந்திருக்காராம், காலையில எந்திரிச்சதும் குடிக்கிறதை மட்டும் இன்னும் விட முடியலன்னார். அதை எப்படி விடுறதுன்னு கேக்கத்தான் வந்திருக்கார். டாக்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன்.